ரயன் பெயரில் எழுதப்பட்ட தோல்விகள்

1979ஆம் ஆண்டு பேஸ்பால் சீசன் முடிந்ததும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் பொது மேலாளர் பஸ்ஸி பவாசி ஒரு கணக்குச் சொன்னார். அவருடைய அணியின் புகழ்பெற்ற பிட்சர் (பந்தெறிபவர்) நோலன் ரயன் அந்த ஆண்டு 16 ஆட்டங்களில் வென்று 14இல் தோற்றிருந்தார். ஒப்பந்தம் முடிந்திருந்தது, பெரிய சம்பளம் கேட்டார். பவாசி அசரவில்லை. ரயன் போனால் போகட்டும், 8 வென்று 7 தோற்கிற பிட்சர்கள் இரண்டு பேரைப் பிடித்துப் போட்டால் அதே 16-14 வந்துவிடப்போகிறது என்றார். ரயன் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குப் போனார்; ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிய முதல் பேஸ்பால் வீரர் ஆனார். 1979இல் 88 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்திருந்த ஏஞ்சல்ஸ், 1980இல் 65 வென்று 95 தோற்றது. ரயன் போனதால்தான் அணி விழுந்தது என்று நான் வாதாட மாட்டேன். மொத்த அணியின் விதியை ஒரு பிட்சர் தலையில் கட்டினால் நானும் பவாசியின் கணக்கையே போட்டவன் ஆவேன்.

பவாசி பிற்காலத்தில் தன் தவறை ஒப்புக்கொண்டார். அவருடைய கணக்கு மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. ரயன் பேச்சு வந்தாலே யாராவது அதை எடுத்து நீட்டுவார்கள். 27 சீசன், 324 வெற்றி, 292 தோல்வி. நூற்றுக்கு 52.6 வெற்றி. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவர் காலத்து டாம் சீவர் தோற்றது 205. ஜிம் பால்மர் வெறும் 152. ஸ்டீவ் கார்ல்டன் 244, டான் சட்டன் 256. பேஸ்பால் வரலாற்றிலேயே ரயனைவிட அதிகம் தோற்றவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் குதிரை வண்டிக் காலத்தில் ஆடத் தொடங்கியவர்கள். ஆகவே, பேட்டர் அடிக்க முடியாதபடி எறிந்து 5,714 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்ததும், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராமல் 7 ஆட்டங்களை முடித்ததும் வெறும் வாணவேடிக்கை. ஜெயிக்கத் தெரிந்த பிட்சர் அல்ல இவர். விவரமறிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களே சொல்கிற தீர்ப்பு இது.

ரயனிடம் குறையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. குறை உண்டு, பெரிய குறை; அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தக் குறைக்குச் சாட்சியாக 292ஐக் கூண்டில் ஏற்றுகிறார்களே, அந்தச் சாட்சிக்கு வழக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தோல்விக் கணக்கே விசித்திரமானது. ஒரு பந்துவீச்சாளர் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தும் அணி தோற்றால், அந்தத் தோல்வியை அவர் பெயருக்கு எதிரே யாரும் எழுதுவதில்லை. பேஸ்பாலில் எழுதுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்ற அணியின் ஒரு பிட்சருக்கு வெற்றி, தோற்ற அணியின் ஒரு பிட்சருக்குத் தோல்வி. எதிரணி கடைசியாக முந்திச் சென்ற அந்த ஒரு ரன், யார் பந்தெறிந்து பேஸில் விட்ட ஆளால் வந்ததோ, தோல்வி அவருடையது. அவர் பக்கத்து பேட்டர்கள் எத்தனை ரன் எடுத்தார்கள் என்ற கேள்வியே எழாது. விதியில் ஒரு சாய்வும் இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் வெற்றியைப் பெற 5 இன்னிங்ஸாவது எறிந்திருக்க வேண்டும். தோல்வியைப் பெற அப்படி எந்தத் தகுதியும் வேண்டாம்.

இந்த விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1959 மே 26 போதும். பிட்ஸ்பர்க் பைரட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ், மில்வாக்கி பிரேவ்ஸுக்கு எதிராக 12 இன்னிங்ஸ் எறிந்தார். வந்த 36 பேரும் வரிசையாக அவுட், ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. 9 இன்னிங்ஸுக்கு அப்படி எறிந்தாலே சரித்திரம். அன்று அவருடைய அணி 12 ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 13ஆவது இன்னிங்ஸில் ஒரு ஃபீல்டரின் தவறால் ஒருவர் பேஸ் ஏறினார், பிறகு ஒரே ஒரு ஹிட், 1-0. தோற்றவர்: ஹாடிக்ஸ். 1964இல் ஹூஸ்டனின் கென் ஜான்சன் 9 இன்னிங்ஸ் முழுக்க எறிந்து சின்சினாட்டிக்கு ஒரு ஹிட்டும் தரவில்லை. அவரே செய்த ஒரு தப்பான எறி, பிறகு நெல்லி ஃபாக்ஸ் செய்த தவறு, இரண்டும் சேர்ந்து ஒரு ரன் போனது. அவருக்கும் தோல்வி.

‘இவை அபூர்வம், நீண்ட காலத்தில் எல்லாம் சமமாகிவிடும்’ என்பார்கள். இதுதான் அந்தப் பக்கத்தின் உயிர்நாடியான வாதம். ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கெடலாம், 27 சீசனிலுமா கெடும்? கேட்க நியாயமாக இருக்கிறது. அதனால் அபூர்வங்களை ஓரமாக வைத்துவிட்டு முழு சீசன்களைப் பார்ப்போம்.

1987, ஹூஸ்டன். ரயனுக்கு வயது 40. முழங்கை வலியால் ஆட்டத்துக்கு இத்தனை பந்துதான் என்று அணி வரம்பு கட்டியிருந்தது. அந்த ஆண்டு அவர் 8 வென்றார், 16 தோற்றார். ஆட்டம் முடிந்தவர், மூட்டை கட்டட்டும் என்று சொல்லத் தோன்றும் எண்கள். ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதற்கு இஆர்ஏ என்று ஓர் அளவு உண்டு. ஃபீல்டர் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டுப் பார்ப்பது. குறையக் குறைய நல்லது. 1987இல் நேஷனல் லீக் முழுவதிலும் மிகக் குறைந்த இஆர்ஏ ரயனுடையது, 2.76. மிக அதிக ஸ்ட்ரைக் அவுட்டும் அவருடையதே, 270.

அதே அணியில், அதே ஆண்டு, பாப் நெப்பர் என்றொரு பிட்சர் 8 வென்று 17 தோற்றார். அவருடைய இஆர்ஏ 5.27. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ரன் கொடுத்தவருக்கும் லீக்கிலேயே சிறந்தவருக்கும் வெற்றி-தோல்விப் பட்டியல் ஒரே மதிப்பெண் போட்டது. வித்தியாசம் ஒரே ஒரு தோல்வி. மூன்றாவது ஆள் மைக் ஸ்காட்: 3.23 இஆர்ஏ, 16 வெற்றி, 13 தோல்வி. ரயனைவிட அதிக ரன் விட்டுக்கொடுத்து, ரயனைப்போல் இரண்டு மடங்கு வென்றார். மூவருக்கும் பின்னால் நின்ற ஃபீல்டர்கள் அதே ஆட்கள், பேட் செய்தவர்கள் அதே ஆட்கள், மைதானமும் அதுவே. ஒரு முழு சீசனில்கூடச் சமமாகாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவரின் ஆயுளை எடைபோடலாம் என்றால், எந்த நம்பிக்கையில்?

ஜெயிக்கத் தெரியாதவர் என்ற வசைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1986இல், ஆஸ்ட்ரோஸ் 96 ஆட்டங்களை வென்றது. ரயனின் இஆர்ஏ 3.34, கணக்கு 12-8. அடுத்த ஆண்டு அவர் விட்டுக்கொடுத்த ரன் குறைந்தது, ஆனால் கணக்கு 8-16 ஆயிற்று. அணியும் 76 வெற்றிக்குச் சரிந்திருந்தது. 1989இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்குப் போய் 42 வயதில் 3.20 இஆர்ஏவோடு 16-10. 1986இல் ஜெயிக்கத் தெரிந்து, ஒரு குளிர்காலத்தில் அதை மறந்து, இரண்டு ஆண்டு கழித்து நினைவுக்குக் கொண்டுவந்தாரா?

சரி, இதெல்லாம் வயதான காலம். இளமையில்?

இளமைக்கு ஏஞ்சல்ஸ். 1972 முதல் 1977 வரை ஆறு சீசனும் அந்த அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். மொத்தம் 444 வெற்றி, 520 தோல்வி. 1975இல் அணி முழுவதும் சேர்ந்து அடித்த ஹோம் ரன் 55. அந்த ஆறு ஆண்டுகளில் ரயன் கணக்கு 112-94. இதை மொத்தத்திலிருந்து கழித்துப் பாருங்கள்: ரயன் கணக்கில் ஏறாத ஆட்டங்களில் ஏஞ்சல்ஸ் வென்றது 332, தோற்றது 426. நூற்றுக்கு 44கூடத் தேறவில்லை. ரயன் கணக்கில் ஏறியவற்றில் நூற்றுக்கு 54. பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று ஏளனம் செய்கிறார்களே, அந்தப் பாதி எந்தக் குழியிலிருந்து ஏறி வந்து எட்டிய பாதி என்பதை யாரும் பார்ப்பதில்லை. பால்மர் ஆடியது பால்டிமோரில். அவருக்குப் பின்னால் பிரூக்ஸ் ராபின்சனும் மார்க் பெலாஞ்சரும் பால் பிளேரும் நின்றார்கள், ஃபீல்டிங் விருதுகளை வாரிக் குவித்தவர்கள். பால்மர் மகத்தான பிட்சர்தான். ஆனால் 152க்கும் 292க்கும் இடையிலுள்ள தூரத்தில் எவ்வளவு பால்மருடையது, எவ்வளவு பால்டிமோருடையது என்று பிரித்துச் சொல்ல வெற்றி-தோல்விப் பட்டியலுக்கு வாயில்லை.

ஒப்பீட்டுக்கு எனக்கு மிகப் பிடித்தவர் டான் சட்டன். இயற்கையே செய்துவைத்த சோதனைபோல அமைந்த ஜோடி இது. இருவரும் 1966இல் பெரிய லீக்குக்கு வந்தவர்கள். இருவர் வாழ்நாள் வெற்றியும் சரியாக 324. ஆட்டம் தொடங்கியது ரயன் 773 முறை, சட்டன் 756 முறை. இஆர்ஏ ரயனுக்கு 3.19, சட்டனுக்கு 3.26. இருவருமே பெரும்பகுதி பிட்சர்களுக்குத் தோதான மைதானங்களில் எறிந்தவர்கள் என்பதால் அந்தச் சாக்கும் எடுபடாது. ஆனாலும் சட்டனைவிட ரயன் 36 ஆட்டங்கள் கூடுதலாகத் தோற்றார். எப்படி? முதல் காரணம் வெளிப்படை: சட்டனின் முதல் 15 சீசன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில். அந்தக் காலத்தில் நான்கு முறை நேஷனல் லீக் பட்டம் வென்ற அணி. இரண்டாவது காரணம் அவ்வளவாகக் கண்ணில் படாதது. ரயன் கடைசிவரை நின்று முடித்த ஆட்டங்கள் 222, சட்டன் முடித்தவை 178. இடையில் வெளியேறுகிற பிட்சருக்குப் பல நாள் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைசிவரை நிற்பவர் தப்ப முடியாது, ஏதோ ஒன்று அவர் பெயரில் ஏறியே தீரும். ரயன் பெயரில் ஏறியவை 616, சட்டன் பெயரில் 580. வெற்றி சமம் என்பதால் மிச்சமெல்லாம் தோல்வி. 36.

கடைசிவரை நிற்பதன் விலையை ஒரே ஆட்டத்தில் பார்க்கலாம். 1974 ஜூன் 14 அன்று பாஸ்டனுக்கு எதிராக ரயன் 13 இன்னிங்ஸில் 235 பந்து எறிந்தார், 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இன்றைய பிட்சர் ஒருவர் 100 பந்தைத் தாண்டினாலே பயிற்சியாளர் எழுந்து நடக்க ஆரம்பிக்கிறார். அந்த ஆட்டம் 15 இன்னிங்ஸ் போய் ஏஞ்சல்ஸ் வென்றது. ரயனுக்கு அதில் எதுவும் எழுதப்படவில்லை. எதிர்ப்பக்கத்தில் லூயிஸ் டியாண்ட் மாற்று ஆள் இல்லாமல் 15ஆவது இன்னிங்ஸ்வரை எறிந்துகொண்டே இருந்தார். அவருக்கு ஒரு தோல்வி.

இனி எதிர்த்தரப்பின் நல்ல வாதங்கள் இரண்டு. முதலாவது கார்ல்டன். 1972இல் பிலடெல்ஃபியா பிலீஸ் 59 வென்று 97 தோற்ற படுமோசமான அணி. அதில் இருந்துகொண்டு கார்ல்டன் 27 வென்று 10 தோற்றார், இஆர்ஏ 1.97. ‘பார், பெரிய பிட்சர் எந்த அணியிலும் ஜெயிப்பான்’ என்று இதைக் காட்டுகிறார்கள். அந்த ஆண்டு அவர் எறிந்த 346 இன்னிங்ஸ் பேஸ்பால் கண்ட மிகச்சிறந்த சீசன்களில் ஒன்று; மறுக்க எதுவுமில்லை. ஆனால் அப்படி எத்தனை ஆண்டு? அடுத்த ஆண்டே அதே பிலீஸில் அதே கார்ல்டன் 13 வென்று 20 தோற்றார். நூற்றாண்டில் ஓரிரு முறை நடப்பதை எல்லோருக்குமான முழக்கோலாக நீட்டுவது வாதமாகாது.

இரண்டாவது சீவர். இது கனமானது. சீவரும் ரயனும் நியூயார்க் மெட்ஸில் ஒன்றாக இருந்தவர்கள். 1971இல் அதே அணியில் சீவர் 20-10, ரயன் 10-14. அணியைக் குறை சொல்ல வழியில்லை. ஆமாம், சீவர்தான் மேலானவர். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள 20ஐயும் 14ஐயும் பார்க்கத் தேவையே இல்லை. அந்த ஆண்டு சீவரின் இஆர்ஏ 1.76, ரயனுடையது 3.97. வாழ்நாள் முழுவதற்கும் சீவர் 2.86, ரயன் 3.19. இங்கே வெற்றி-தோல்வி உண்மையைத் தொட்டது தற்செயல். நெப்பரையும் ரயனையும் சமமாக்கிய அதே பட்டியல்தான் இது. ஒரு முறை சரியாகச் சொன்னதால் சாட்சி நம்பகமாகிவிடாது.

ரயனுடைய குறை இங்கேதான் வருகிறது. நான்கு பந்துகளைத் தப்பாக எறிந்து பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவதை வாக் என்பார்கள். ரயன் தன் வாழ்நாளில் அப்படி அனுப்பியது 2,795 பேரை. வரலாற்றில் அடுத்த இடத்தில் இருக்கும் கார்ல்டன் 1,833. இடையில் ஏறக்குறைய ஆயிரம் பேர்! 1974இல் மட்டும் 202, 1977இல் 204. பேஸில் நின்ற ஆட்களைத் திருடி ஓடவும் தாராளமாக விட்டார். எதிரணி ஹிட் அடிக்க இவரிடம் பட்ட பாடு வேறு எவரிடமும் பட்டதில்லை; 9 இன்னிங்ஸுக்கு 6.56 ஹிட் என்ற சராசரிக்குக் கீழே நீண்டகாலம் எறிந்த எவரும் போனதில்லை. ஒரு கையால் பூட்டிய கதவை மறு கையால் திறந்துவிட்டவர். அதனால்தான் அவர் சீவர் ஆகவில்லை. இதைச் சொல்லி அவரை இரண்டு படி கீழே இறக்குங்கள், நானும் உடன் வருகிறேன். அந்தக் குறையின் விலை முழுவதும் 3.19க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் 292ஐயும் வைத்து இன்னொரு முறை தண்டிப்பது, ஒரே கடனுக்கு இரண்டு தரம் வட்டி வாங்குவது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். வரலாற்றில் அதிகம் தோற்ற பத்து பிட்சர்கள் யார்? சை யங் 315, பட் கால்வின், ரயன், வால்டர் ஜான்சன் 279, ஃபில் நீக்ரோ 274, கேலார்ட் பெர்ரி 265, சட்டன், ஜாக் பவல், எப்பா ரிக்ஸி, பெர்ட் பிளைலெவன். இவர்களில் ஜாக் பவல் ஒருவர் நீங்கலாக ஒன்பது பேரும் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். பட்டியலின் தலையில் நிற்பவரின் பெயரில்தான் ஆண்டுதோறும் சிறந்த பிட்சருக்கு விருது கொடுக்கிறார்கள். மோசமான பிட்சர் 292 ஆட்டம் தோற்க முடியாது. 40 தோற்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோற்ற பிறகும் ஐந்தாம் நாள் மறுபடி பந்தைக் கையில் கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை பெற்றவர்தான் இத்தனை தோல்வியைச் சேர்க்க முடியும். 1979இல் நீக்ரோ 21 வென்று 20 தோற்றார்: லீக்கில் அதிக வெற்றி வரிசையிலும் முதலிடம், அதிகத் தோல்வி வரிசையிலும் முதலிடம். வால்டர் ஜான்சன் 1916இல் 369 இன்னிங்ஸ் எறிந்தார், ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்கவில்லை, இஆர்ஏ 1.90. அந்த ஆண்டு அவர் தோற்றது 20. வாஷிங்டன் அணி ஒரு ரன்கூட எடுக்காமல் அவர் தோற்ற ஆட்டங்கள் மட்டும் வாழ்நாளில் 65.

‘இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் வெற்றி-தோல்வியைப் பார்க்கிறார்கள்’ என்று ஒரு சமாதானம் வரும். உண்மைதான், 2010இல் சியாட்டிலின் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12 என்ற கணக்கோடு சை யங் விருது வாங்கினார், 2.27 இஆர்ஏவுக்காக. 2018இல் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 10-9, 1.70, அவருக்கும் கொடுத்தார்கள். அணி ரன் எடுக்காததற்கு இவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோரும் பரிந்து பேசினார்கள். சரியான பேச்சு. அதே வாய்தான் ரயன் என்றதும் 52.6 சதவீதம் என்கிறது. இன்றைய ஆளுக்கு ஒரு சட்டம், ஓய்வுபெற்றவருக்கு இன்னொரு சட்டமா?

ரயனுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. 1999இல் 497 வாக்கில் 491 வாங்கி முதல் முறையிலேயே ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். அடி விழுந்தது பெர்ட் பிளைலெவனுக்கு. 287 வெற்றி, 250 தோல்வி, 3.31 இஆர்ஏ, எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் முடித்த ஆட்டங்கள் 60, ஸ்ட்ரைக் அவுட் 3,701. இவர் பெயர் முதல் முறை வாக்குக்கு வந்தபோது ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. 300 வெற்றி இல்லையே, தோல்வி 250 இருக்கிறதே என்று ஆண்டுக்கு ஆண்டு தள்ளினார்கள். ஓர் ஆட்டக்காரருக்கு வாக்குச்சீட்டில் அப்போது கிடைத்த வாய்ப்பு மொத்தம் 15 முறை. பிளைலெவன் உள்ளே போனது 14ஆவது முறையில், 2011இல். அதற்குள் அவர் புதிதாக ஒரு பந்தும் எறிந்திருக்கவில்லை.